நொடிநேரப் பேரொளி: தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்வும் நோயும்

வலிப்பு தாக்குவதற்குச் சில நொடிகளுக்கு முன் நோயாளர் சிலருக்கு இல்லாத மணம் கமழும். எழாத ஒலி கேட்கும். கண்முன் ஒளி தோன்றும். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கிவிட்ட வலிப்பே இம்முன்னுணர்வு என்பது இன்றைய நரம்பியலார் துணிபு. அது பேரின்பமாக வாய்ப்பது மிக அரிது. அவ்வரிய அனுபவத்தை இலக்கியமாக்கியவர் உருசிய நாவலாசிரியர் பியோதர் தஸ்தயேவ்ஸ்கி ஆவார்.

1821இல் மாஸ்கோவில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1849இல் அரசுக்கு மாறான கருத்துடையோர் குழுவில் இருந்தமைக்காகக் கைதானார். கொலைக்களத்தில் நிறுத்திய பின்னரே மரண தண்டனையை மாற்றினர். ஓம்ஸ்க் சிறையில் நான்காண்டுகள் கால்விலங்குடன் கழிந்தன. 1857இல் மணமுடித்து மனைவியுடன் திரும்பும் வழியில், பர்னாவூல் நகரில் கடும் வலிப்புக் கண்டது. அது உண்மையான காக்காய்வலிப்பே என மருத்துவர் உறுதிசெய்தார். வெறும் நரம்புத் தளர்ச்சி என்றே அதுவரை நம்பியிருந்தவருக்கு அச்சொல் பேரிடியாயிற்று.

நண்பர் ஸ்திராகோவ் ஒரு காட்சியைப் பதிவு செய்துள்ளார். ஈஸ்டர் திருநாளையொட்டிய ஓர் இரவில், அறைக்குள் உலவியவாறு ஊக்கத்துடன் உரையாடிக்கொண்டிருந்த தஸ்தயேவ்ஸ்கி, சொல்லொன்றைத் தேடுபவர்போல் நின்றார், பொருளற்ற ஓலமொன்று எழுந்தது, உணர்விழந்து வீழ்ந்தார். வீழ்வதற்கு முந்தைய நொடிகளில் தம்மோடும் உலகோடும் முழுமையாக இசைந்திருந்ததாக அவர் கூறுவதுண்டு. அதற்கு அவர் கொடுத்த விலையோ பெரிது: நாள்கணக்கில் சோர்வு, காரணமற்ற குற்றவுணர்வு, நினைவிழப்பு.

1868இல் வெளிவரத் தொடங்கிய 'அசடன்' நாவலின் நாயகன் மிஷ்கினுக்கு இந்நோயை அளித்தார். அந்த ஒளி மெய்ம்மையின் தரிசனமா, நோயின் மயக்கமா என்னும் ஐயத்தையும் உடன் அளித்தார் என்பது கருதத்தக்கது. நோயே எனினும் உணர்ந்த நிறைவு பொய்யாகாது என்பது மிஷ்கின் கண்ட விடை.

அவ்விடையை வாழ்வு கடுமையாகச் சோதித்தது. 1878ஆம் ஆண்டு மே மாதத்தில் மூன்று வயதும் நிரம்பாத மகன் அலியோஷா, நெடுநேரம் நீடித்த வலிப்பால் இறந்தான். தம் நோயே குழந்தையைச் சேர்ந்ததென எண்ணித் தந்தை நொறுங்கினார். தந்தைக்கு ஒளி காட்டிய நோய் மகனுக்கு அதுவும் காட்டவில்லை.

அத்துயரத்திலிருந்தே 'கரமசோவ் சகோதரர்கள்' வளர்ந்தது. அதன் நாயகனுக்கு மகனின் பெயரைச் சூட்டினார். வலிப்பு நோயையோ கொலைகாரன் ஸ்மெர்த்யகோவுக்குத் தந்தார். 1880இல் நாவல் நிறைவுற்றது. 1881 பிப்ரவரியில் ஆசிரியர் மறைந்தார். மிஷ்கினிடம் ஒளியாகவும் ஸ்மெர்த்யகோவிடம் இருளாகவும் ஒரே நோயைக் காட்டிய நேர்மையே அவரது பெருமை எனலாம்.