குமரித் தந்தை நேசமணி

திருவிதாங்கூர் இராஜ்யத்தின் கிழக்கு வாயிலாக ஆரல்வாய்மொழிக் கணவாய் விளங்கிற்று. முற்காலத்தில் அங்கே கோட்டை மதிலும் காவற்படையும் இருந்தன. 1809-ஆம் வருஷம் வேலுத்தம்பி தளவாயின் யுத்தத்தில் ஆங்கிலச் சேனை அம்மதிலை ஏறிப் பிடித்தபின், அவ்வெல்லைக்குப் போர் என்னும் பொருள் போய், வரி என்னும் பொருளே எஞ்சியது. 1865-இல் ஏற்பட்ட வர்த்தக உடன்படிக்கையால் சுங்க வரியிலும் பெரும்பகுதி நீங்கிற்று. இங்ஙனம் பொருள் தேய்ந்துவந்த எல்லையை மொழியின் பெயரால் இடம்பெயரச் செய்தவர்களுள் தலையாயவர் மார்ஷல் நேசமணி அவர்கள். நம் அங்கத்தினர் வீட்டுச் சிறுவர் சிறுமியரும் அவர் சரித்திரத்தை அறிந்திருத்தல் நலம்.

அவர் 1895-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி பள்ளியாடி என்னும் ஊரில் ஜனித்தார். சட்டம் கற்று, நாகர்கோவிலில் வக்கீலாய் அமர்ந்து கீர்த்தி பெற்றார்.

மன்னராட்சியில் தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே அரசரின் குடிகள். எவர் தொகை மிகுதி என்பது பெரிய விஷயமன்று. 1947-க்குப் பின் வாக்குரிமை வந்ததும் தொகையே அதிகாரமாயிற்று. தென் தாலூக்காக்களில் மிகுந்தும் இராஜ்யம் முழுமையிலும் குறைந்தும் இருந்த தமிழர், என்றும் சிறுபான்மையோராகவே நிற்க நேருமென அஞ்சினர். இவ்வச்சத்தை வெறும் மொழிப்பற்று என்று தள்ளுவது நியாயமாகாது. எதிர்த்தரப்பாரின் மனக்குறையும் பொய்யன்று. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமல்லவா?

நேசமணி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைமையேற்றார். 1952-இல் நாகர்கோவிலிலிருந்து லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954 ஜூலையில் தேவிகுளம் சென்று தடையை மீறிச் சிறைப்பட்டார். அவ்வருஷம் ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் ஜனக்கூட்டத்தைச் சுட்டனர். மாண்டவர்கள் ஏழை எளியோர். ஓர் எல்லைக்காக உயிர் கொடுத்த அவர்கள் அதன் மாற்றத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

மறுவருஷம் வெளியான இராஜ்ய சீரமைப்புக் கமிஷன் அறிக்கையின் பயனாக, 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலூக்காக்களும் கன்னியாகுமரி ஜில்லாவாகிச் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதி திருநெல்வேலி ஜில்லாவை அடைந்தது. தேவிகுளமும் பீருமேடும் கிட்டவில்லை. அங்குள்ள தமிழரிற் பெரும்பாலோர் தோட்டவேலைக்கு வந்து போகிறவர்கள் என்பது கமிஷனின் எண்ணம். தலைமுறையாய் அம்மலைகளில் தேயிலை பறித்தவர்களை வழிப்போக்கரைப்போல் எண்ணியது நமக்குச் சற்றும் ஒப்பவில்லை. பெரியாற்று அணையும் அந்தப் பீருமேட்டுப் பகுதியிலேயே இருக்கிறது. அவ்வணை திறக்கப்பட்ட வருஷமும் நேசமணி பிறந்த வருஷமும் ஒன்றே.

பின்னர் 1962-லும் 1967-லும் நேசமணி காங்கிரஸ் சார்பில் லோக்சபைக்குச் சென்றார். அப்பதவியில் இருக்கும்போதே 1968 ஜூன் 1-ஆம் தேதி காலமானார். அவருடைய ஸ்தானத்திற்கு நடந்த உபதேர்தலில் வென்றவர் காமராஜர்.

நிலம் இப்புறம் வந்தும் எல்லாம் இப்புறம் வந்துவிடவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை குமரி ஜில்லாவுக்குள் நிற்பினும், அதனைப் பராமரிப்பது இன்றும் கேரள அரசாங்கமே. அது யாருக்கும் துன்பமில்லாத ஏற்பாடு. நெய்யாற்று நீரின் கதை வேறு. அணை கேரளத்திலும், அதன் இடதுகரைக் கால்வாயின் கடைப்பகுதி வயல்கள் விளவங்கோட்டிலும் அமைந்தன. 2004-இல் கேரளம் அந்நீரை நிறுத்திற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.