2,000 ரூபாய்க் கார்!

ஐயம்பேட்டையில் தறியிலே குனிந்து பட்டு நெய்யும் தோழனுக்குக் கார் எதற்கு என்று கேட்போர் உண்டு. அமெரிக்க போர்டு அப்படிக் கேட்கவில்லை. 1908-ல் 850 டாலருக்கு விற்ற காரை 1925-ல் 260 டாலருக்குக் கொடுத்தார். பிரிட்டனில் ஆஸ்டின் 1922-ல் குட்டிக் காரை விட்டார். நம்மவர் ஒருவரும் முயன்றார். கோவை ஜி.டி. நாயுடு!

1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கினார். அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பூட்டினார். அதுதான் அவருடைய கல்லூரி! 1920-ல் பொள்ளாச்சி–பழனி பாதையில் ஒரே ஒரு பஸ், அவரே ஓட்டினார். பின்னர் மின்சார மோட்டார், சவரக் கருவி என்று என்னென்னவோ செய்தார். பட்டதாரி மேதாவிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1952-ல் இருவர் அமரும் பெட்ரோல் கார். விலை 2,000 ரூபாய்! சர்க்கார் லைசென்ஸ் தர மறுத்தது. கார் செய்யும் உரிமை பெருமுதலாளிகளின் ஆலைகளுக்கு மட்டுந்தானா? நாம் கேட்கிறோம்.

1974-ல் நாயுடு மறைந்தார். 2009-ல் டாட்டா கம்பெனி லட்ச ரூபாய்க் காரை இறக்கியபோது, அதிசயம் என்றார்கள். கோவைக் கார் அதற்கு 57 ஆண்டு மூத்தது.