கண் திறந்த மருத்துவர்

பசிபிக் பெருங்கடலின் மேற்கு ஓரத்தில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு பிலிப்பைன்ஸ். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரே அந்நாட்டுக்குச் சூட்டப்பட்டது. 1565ஆம் ஆண்டில் அங்கே குடியேற்றம் அமைத்த ஸ்பானியர், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனர்.

அந்நாட்டின் கலம்பா என்னும் ஊரில், 1861ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஹோசே ரிசால் பிறந்தார். அவருக்கு முதன்முதலில் எழுத்தறிவித்தவர் அன்னை தியோடோரா. ரிசால் சிறுவனாக இருந்தபோது, அன்னைமீது பொய்க்குற்றம் சுமத்தி, தொலைவிலிருந்த சிறைக்கு நடத்தியே அழைத்துச் சென்றனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் வாடினார். அக்காட்சி மகனின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

பின்னர் அன்னையின் கண்பார்வை மங்கியது. அதனைப் போக்க விரும்பிய ரிசால், ஸ்பெயினில் மருத்துவம் பயின்றார். பாரிசிலும் ஜெர்மனியிலும் கண் மருத்துவப் பயிற்சி பெற்றார். நாட்டு மக்களின் துன்பத்தை 1887இல் ஒரு புதினமாக எழுதி வெளியிட்டார். அச்சிடப் பணமின்றித் தவித்தபோது நண்பர் ஒருவர் உதவினார். ஆட்சியாளர் அந்நூலைத் தடை செய்தனர். மக்களோ அதனை மறைத்து வைத்துப் படித்தனர்.

1892இல் தாயகம் திரும்பிய ரிசால், மக்கள் ஒற்றுமைக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். சில நாள்களிலேயே தபிதான் என்னும் ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கும் அவர் சோர்ந்திருக்கவில்லை. சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார். ஊருக்குக் குடிநீர் கொணர்ந்தார். ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார். அன்னையின் கண்ணுக்கும் அறுவை மருத்துவம் செய்தார்.

1896இல் ஆயுதப் புரட்சி வெடித்தது. மக்கள் ஆயத்தமாகாத நிலையில் போர் வேண்டாம் என்பதே ரிசாலின் கருத்து. ஆயினும் பழி அவர்மீதே விழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் மணிலாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. இறுதியாக எழுதிய கவிதையை ஒரு சிறிய அடுப்பினுள் மறைத்துக் குடும்பத்தாரிடம் சேர்ப்பித்திருந்தார்.

அவரது மறைவு புரட்சித் தீயை மேலும் வளர்த்தது. 1898 ஜூன் 12இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. எனினும் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா அந்நாட்டைப் பெற்றுக்கொண்டதால், 1946 ஜூலை 4இல்தான் முழு விடுதலை கிட்டியது. தாயின் கண்ணுக்கு ஒளி தர மருத்துவம் கற்ற மகன், தாய்நாட்டின் கண்களையும் திறந்து வைத்தார்.

சிந்தித்து எழுதுக

1. ரிசால் கண் மருத்துவம் பயின்றதன் காரணம் யாது?
2. தபிதானில் அவர் ஆற்றிய பணிகள் யாவை?
3. ஒரு நூலைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சியது ஏன்? உம் கருத்தை எழுதுக.