அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத்

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்கின்றனர். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் அருளப்பெற்ற வேதம் இன்றைய திருமணத்தையும் மணவிலக்கையும் சொத்துப் பங்கீட்டையும் ஆள வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர்களைக் கடிந்து பயனில்லை. இதே கேள்வி 1948ஆம் ஆண்டிலேயே டில்லியில், நாட்டின் தலைசிறந்த சட்ட மேதைகள் கூடியிருந்த அவையில் எழுந்தது. அங்கே எழுந்து நின்று விடை பகர்ந்தவர்களுள் முதல்வர் நம் தமிழகத்தைச் சேர்ந்தவர். அவர்தாம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள். ஆண்டுதோறும் அவர் பெயரைச் சொல்லி மேடைகளில் முழங்குகிறோம்; ஆனால் அன்று அவர் என்ன வாதாடினார், எதிர்த்தரப்பினர் என்ன கூறினர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆகவே இவ்வாண்டு மலரில் அவரது வரலாற்றை அந்தப் பக்கத்திலிருந்து எழுத விழைகிறோம்.

மர்ஹூம் அவர்கள் 1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வி பெற்றவர். பதின்மூன்று வயதிலேயே, 1909இல், பேட்டையில் இளைஞர்களைச் சேர்த்து முஸ்லிம் வாலிபர் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர் இவர் என்பதிலிருந்து இவரது போக்கு விளங்கும். நெல்லையிலும் திருச்சி புனித ஜோசப் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். பட்டத் தேர்வு நெருங்கிய வேளையில், 1920இல், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுத் தேர்வைத் துறந்தார். பிற்காலத்தில் சட்ட நிபுணர்களோடு நேருக்கு நேர் வாதிட்டவர் ஒரு பட்டமும் பெறாதவர் என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இதைப் படிப்பை விடுவதற்குச் சாக்காக எவரும் கொள்ளலாகாது!

பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். தோல் தொழில் என்றால் நம் பகுதியினருக்கு விளக்கம் தேவையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் கிடங்குகளில் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டும். ஜவ்வாது மலையின் கடுக்காய் நம் முன்னோர் பலருக்குப் பிழைப்பு அளித்தது. மலைக்காடு தந்த காயும் அடிவாரத்து முஸ்லிமின் முதலும் சென்னைத் தோல் மண்டியில் சந்தித்துக்கொண்ட காலம் அது. காயிதே மில்லத் வாழ்ந்த குரோம்பேட்டையும் தோல் பதனிடும் ஆலை ஒன்றால் பெயர் பெற்ற ஊரே.

1946இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. இந்தியாவில் தங்கிய முஸ்லிம்களின் நிலை அன்று சொல்லொணாதது. பெருந்தலைவர்கள் எல்லை கடந்து சென்றிருந்தனர்; எஞ்சியவர்களில் பலர் கட்சியைக் கலைத்துவிட்டு அமைதியாக இருப்பதே உயிருக்குப் பாதுகாப்பு என்று எண்ணினர். அச்சூழலில் 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று; அதன் தலைமை இவரிடம் வந்தது. அதே ஆண்டில் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினரானார்.

இனி நாம் கூற வந்த செய்திக்கு வருவோம். 1948 நவம்பர் 23ஆம் நாள். நாடு முழுவதற்கும் ஒரே சிவில் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று கூறும் நகல் 35ஆவது பிரிவு விவாதத்திற்கு வந்தது. இன்றைய அரசியல் சாசனத்தின் 44ஆவது பிரிவு அதுவே. காயிதே மில்லத் எழுந்து ஒரு திருத்தம் முன்மொழிந்தார். தனக்கெனத் தனிச்சட்டம் உடைய எந்தப் பிரிவினரும், எந்தச் சமூகமும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்பது அதன் சாரம். அத்திருத்தத்தில் முஸ்லிம் என்ற சொல்லே இல்லை என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இது பற்றிப் பின்னர் கூறுவோம்.

அவரது வாதம் எளிமையானது. தனிச்சட்டம் ஒரு சமுதாயத்தின் மார்க்கத்தோடும் பண்பாட்டோடும் பின்னிப் பிணைந்த வாழ்க்கை முறை. மதச்சார்பற்ற அரசு என்பது மக்களின் வாழ்க்கை முறையில் தலையிடாத அரசாக இருக்க வேண்டுமேயன்றி, அதை மாற்றியமைக்கும் அரசாக இருத்தல் ஆகாது. ஒரே சட்டத்தால் ஒற்றுமை விளையும் என்பது தவறான கணக்கு. விருப்பமில்லாதவர் மீது சுமத்தும் ஒருமை மனக்கசப்பையே விளைவிக்கும். இதற்குச் சான்றாக அவர் ஐரோப்பாவைக் காட்டினார். முதல் உலகப் போருக்குப் பின் செர்பியர், குரோட்டியர், ஸ்லோவீனியர் ஆகியோரின் அரசு, தன் முஸ்லிம் குடிமக்களின் குடும்ப விவகாரங்களை அவர்களது வழக்கப்படியே ஒழுங்குபடுத்த உடன்படிக்கை வாயிலாக ஒப்புக்கொண்டதை எடுத்துரைத்தார். பி. போக்கர் சாஹிப், மஹ்பூப் அலி பேக், நஸீருத்தீன் அஹ்மத், ஹுஸைன் இமாம் ஆகியோரும் இதே திசையில் பேசினர்.

எதிர்த்தரப்பினரும் எளியவர்கள் அல்லர். கே.எம். முன்ஷி, துருக்கியிலும் எகிப்திலும் சிறுபான்மையினருக்கு இத்தகைய உரிமை இல்லை என்றார். துருக்கி 1926இல் சுவிட்சர்லாந்துச் சட்டத்தைத் தழுவியது உண்மையே. ஆனால் எகிப்தில் கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் தனித்தனிக் குடும்ப நீதிமன்றங்கள் 1955 வரை இயங்கிக்கொண்டுதான் இருந்தன. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரோ, வெள்ளையர் ஒரே குற்றவியல் சட்டத்தைக் கொண்டுவந்தபோது எழாத எதிர்ப்பு இப்போது மட்டும் எழுவானேன் என்று வினவினார். கூர்மையான வினாதான்.

இறுதியில் பேசிய டாக்டர் அம்பேத்கரின் வாதமே எல்லாவற்றிலும் வலிமையானது. ஒப்பந்தம், சொத்து மாற்றம் முதலிய ஏறத்தாழ எல்லாத் துறைகளிலும் ஒரே சட்டம் ஏற்கனவே இருக்கிறது. திருமணமும் வாரிசுரிமையுமே எஞ்சியுள்ளன என்றார். ஷரீஅத் சட்டம் இந்தியா முழுவதும் தொன்றுதொட்டு ஒரே சீராக நிலவியது என்பதையும் மறுத்தார். வடமேற்கு எல்லை மாகாணத்து முஸ்லிம்கள் 1935 வரை வாரிசுரிமையில் இந்துச் சட்டத்தையே பின்பற்றினர். வட மலபாரில் மருமக்கள் தாய முறை முஸ்லிம்களுக்கும் பொருந்தியது என்றார். அதே வேளையில், இப்பிரிவு எவர் மீதும் சட்டத்தைத் திணிப்பதன்று என்றும், வருங்கால நாடாளுமன்றம் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் அதைப் பொருத்துவதிலிருந்து தொடங்கலாம் என்றும் உறுதி கூறினார். திருத்தங்கள் தோற்றன. பிரிவு நிறைவேறியது. அடிப்படை உரிமைகள் பற்றிய பிரிவுகள் டிசம்பரில் வந்தபோது காயிதே மில்லத் தம் கோரிக்கையை மீண்டும் முன்வைத்தார், மீண்டும் தோற்றார்.

அம்பேத்கர் கூறிய வரலாற்றை மறுக்க இயலாது. மறுக்கத் தேவையுமில்லை என்பது நமது கருத்து. அந்த வரலாறே நம் பிள்ளைகளின் கேள்விக்குப் பாதி விடையாகிறது. பல மாகாணங்களில் அன்று நிலவிய பழமை எது? பெண்ணுக்குச் சொத்தில்லை என்ற ஊர் வழக்கமே பழமை. அதை நீக்கித் தாய்க்கும் மகளுக்கும் மனைவிக்கும் பங்கு வழங்கியது 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம். உலமாக்கள் அதைக் கோரினர்; முஸ்லிம் பெண்கள் அமைப்புகளும் ஆதரித்தன. அந்தச் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து விவசாய நிலத்தையும் ஷரீஅத்தின் கீழ்க் கொண்டுவந்தது. ஆக, அந்தத் தலைமுறையினர் பழைய வழக்கத்தைத் தள்ளிவிட்டு, வேதம் வகுத்த பங்கை அறிந்தே தேர்ந்தெடுத்தனர். பழமையானது என்பதற்காக வேதத்தை ஏற்றனர் என்று அவர்களைக் குறித்துச் சொல்ல முடியாது.

இனி, அத்திருத்தத்தில் முஸ்லிம் என்ற சொல் இல்லை என்று மேலே குறிப்பிட்டதன் காரணத்தைக் கூறுவோம். நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மலையூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் தமக்கெனத் திருமண வழக்கமும் பங்கீட்டு வழக்கமும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்ப்பளிக்கும் மரபும் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் கொடுப்பது அவர்கள் மரபு. நம் மஹரை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பழங்குடியினருக்குப் பொருந்தா என்று அச்சட்டங்களே கூறுகின்றன. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தராகண்ட் பொது சிவில் சட்டமும் பழங்குடியினருக்கு விலக்களித்துள்ளது. மலைமக்களின் வழக்கத்தை மதிக்கும் அந்த விலக்கை நாம் மனமார வரவேற்கிறோம். எந்தச் சமூகமும் என்று காயிதே மில்லத் 1948இல் கேட்டது இதைத்தான். ஒரு சமூகத்திற்குக் கிடைத்தது மற்றொன்றுக்கு ஏன் ஆகாது என்பதே எஞ்சி நிற்கும் வினா. அண்டை நாடான இலங்கையில் யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமையும் கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டமும் முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டமும் உள்ளன என்பதையும் நினைவுகூரலாம்.

எனினும் நம் பிள்ளைகளின் கேள்வியில் மறுபாதியும் உண்டு. அதற்கான விடை டில்லியில் இல்லை. மகளுக்குத் திருக்குர்ஆன் விதித்த பங்கைக் கொடாமல், திருமணத்தில் நகை போட்டாயிற்று என்று கூறி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் இல்லையா? மஹரை ஆயிரத்தில் எழுதிவிட்டுக் கைக்கூலியை இலட்சத்தில் வாங்குவோர் இல்லையா? ஒரே மூச்சில் மூன்று தலாக் கூறுவதை ஃபிக்ஹு நூலார் தாமே பித்அத்தான தலாக் என்று பெயரிட்டு இகழ்ந்தனர். அதைத் திருத்த வேண்டிய சமுதாயம் திருத்தாதபோது, 2017 ஆகஸ்ட் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2019இல் அது குற்றமென்றே சட்டமாயிற்று. வேதத்தின் அதிகாரத்தை நாடாளுமன்றம் குறைத்ததா, அதற்கு முன்பே நம் வீடுகளில் அது குறைந்திருந்ததா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும்.

மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பதைப் பற்றியும் பெண்பிள்ளைகள் கேட்கின்றனர். குடும்பத்தைப் பராமரிக்கும் கடமை ஆணின் மீது இருப்பதே காரணம் என்று உலமாக்கள் விளக்குவர். பெற்றோரைத் தன் சம்பளத்தில் காப்பாற்றும் மகள் இருக்கும் வீட்டில் இந்த விளக்கம் மட்டும் போதாது. அங்கேதான் ஹிபாவின் வாசல் திறந்திருக்கிறது. வாழும் காலத்தில் தந்தை தன் மகளுக்கு மனமுவந்து நன்கொடை அளிப்பதை ஷரீஅத் தடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு அளிக்கும் நன்கொடையில் நீதி பேணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியுள்ளார்கள். இந்த வாசலைப் பயன்படுத்துவோர் நம்மில் மிகக் குறைவு.

காயிதே மில்லத் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், 1962 முதல் மஞ்சேரித் தொகுதியின் சார்பில் மக்களவையிலும் பணியாற்றினார். 1967, 1971 தேர்தல்களிலும் மஞ்சேரி மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டையும் விட்டுவிடலாகாது. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மையும் வளமும் கருதினால் அத்தகுதி தமிழுக்கே உண்டு என்று அரசியல் நிர்ணய சபையிலேயே வாதிட்டவர் அவர். பழமையானது இக்காலத்திற்கு உதவாது என்ற கூற்றை அவர் மொழியிலும் ஏற்கவில்லை, மார்க்கத்திலும் ஏற்கவில்லை.

1972 ஏப்ரலில் அவர் இறையடி சேர்ந்தார். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பெற்றார். அதே ஆண்டில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அவர் எழுப்பிய வாதத்தை இப்போது பிறர் எழுப்ப வேண்டியதாயிற்று. டிசம்பரில் பம்பாயில் பல்வேறு மத்ஹபுகளையும் அமைப்புகளையும் சேர்ந்த உலமாக்கள் ஒன்றுகூடினர். அடுத்த ஆண்டு அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் அமைந்தது. அந்த மசோதா சட்டமாகாமலே 1978இல் கைவிடப்பட்டது.