குமாரமங்கலத்துத் தளபதி

சேலம் எம்.பி.யாக இருந்த ரங்கராஜன் குமாரமங்கலத்தை நம் ராசிபுரம் வட்டாரத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய பெரியப்பா இந்திய இராணுவத்துக்கே தலைமைத் தளபதியாக இருந்தவர் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் 1913 ஜூலை 1 அன்று பிறந்தார். தந்தை டாக்டர் சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சர். மகன் இங்கிலாந்தில் படித்து, 1933-ல் பீரங்கிப் படையில் அதிகாரியானார்.

இரண்டாம் உலகப் போரில், 1942-ல், லிபியாவின் பீர் ஹக்கீம் அருகே எதிரி டாங்கிகளை எதிர்த்து நின்றதற்காக அவருக்கு டி.எஸ்.ஓ. என்ற உயர்ந்த வீர விருது கிடைத்தது. ஆனால் எதிரிகளிடம் கைதியானார். இத்தாலியில் அவருடன் சிறை முகாமில் இருந்தவர்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒருவர் யஹ்யா கான், இன்னொருவர் சாஹிப்ஸாதா யாகூப் கான். யாகூப் கானோடு சேர்ந்து தப்பியும் பார்த்தார். மீண்டும் பிடிபட்டு ஜெர்மனி முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1947 வந்தது. ஒரே முகாமில் கிடந்தவர்கள் இரண்டு நாடுகளின் இராணுவங்களில் பிரிந்து நின்றார்கள்.

1962 அக்டோபர் 6 அன்று, மகாராஷ்டிர ஆளுநராக இருந்த சுப்பராயன் காலமானார். சரியாக இரண்டு வாரத்தில், அக்டோபர் 20 அன்று, சீனப் படைகள் இமயமலையில் தாக்கின. நம் வீரர்களில் பலர் சமவெளியில் உடுத்தும் பருத்திச் சீருடையோடே பனிமலைக்கு ஏற்றப்பட்டிருந்தார்கள். மூச்சுத் திணறலும் குளிரும் குண்டுக்கு முன்பே அவர்களைச் சாய்த்தன. சீனா நவம்பர் 21 அன்று தானாகவே போரை நிறுத்தியபோது, ஏறக்குறைய 4,000 பேர் அவர்கள் கையில் கைதிகள். வீரர்கள் துணிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களை அனுப்பியவர்கள் ஆயத்தம் செய்யவில்லை என்பதே நம் கருத்து.

தோற்றுப்போன அந்தக் கிழக்குப் படைப்பிரிவின் பொறுப்புதான் 1963 மே மாதம் குமாரமங்கலத்திடம் வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய தம்பி மோகன் கம்யூனிஸ்ட். தங்கை பார்வதி கிருஷ்ணன் அதே கட்சியின் சார்பில் கோவை எம்.பி.யாக இருந்தவர். சீனப் போரையொட்டி கம்யூனிஸ்டுகள் பலர் சிறையில் அடைக்கப்பட்டிருந்த நேரம் அது. அப்படியிருந்தும் சீன எல்லையைக் காக்கும் வேலையை அந்த வீட்டு மூத்த பிள்ளையிடம்தான் நாடு கொடுத்தது. உறவுக்காரர் யார், பழகியவர் யார் என்று பார்த்து ஒருவரின் நாட்டுப்பற்றை அளப்போர் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

தோல்விக்குப் பின் நடந்தது ஆரவாரமில்லாத வேலை. மலைப் போருக்கென்றே தனி டிவிஷன்கள் எழுந்தன, சாலைகள் வெட்டப்பட்டன. உயரத்துக்கு உடல் பழகும்வரை வீரர்களைப் படிப்படியாக மேலேற்றும் முறையும் கண்டிப்பானது. இவை ஒருவரின் சாதனை அல்ல. ஆனாலும் அந்த முதல் ஒன்றரை ஆண்டு கிழக்கில் பொறுப்பேற்றிருந்தவர் இவர்.

1966 ஜூன் 8 அன்று தலைமைத் தளபதியானார். மூன்றே மாதத்தில் பாகிஸ்தான் இராணுவத்தின் தலைமைக்கு யஹ்யா கான் வந்தார். பழைய கைதிகள் இருவரும் எதிரெதிர் படைகளின் தலைவர்கள்!

1967 செப்டம்பர் 11 அன்று, சிக்கிமில் 14,000 அடிக்கு மேலே உள்ள நாதுலா கணவாயில், நம் வீரர்கள் கம்பி வேலி போடும்போது சீனர்கள் சுட்டார்கள். சில நாட்கள் பீரங்கிச் சண்டை நடந்தது. அக்டோபர் 1 அன்று சோலாவிலும் மோதல். இம்முறை நம் படை பின்வாங்கவில்லை. அதற்கு விலையும் கொடுத்தோம். இரு இடங்களிலும் சேர்த்து 88 வீரர்கள் வீடு திரும்பவில்லை.

1969-ல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது. 2000 மார்ச் 13 அன்று மறைந்தார். 1962 போரோடு மூடப்பட்ட நாதுலா வணிகப் பாதை, அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2006-ல்தான் திறந்தது.