வளர்ச்சிக் கோடு கண்ட சமரேந்திரநாத் ராய்

வில்லியனூரிலோ பாகூரிலோ ஓர் அங்கன்வாடிக்குச் சென்றால், குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு அட்டையில் புள்ளி வைப்பதைக் காணலாம். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோடு. இத்தனை கோடுகளிலிருந்து பொதுவான வளர்ச்சியைக் கண்டறிவது எங்ஙனம்? இதற்கு வழிகாட்டியவர்களுள் முக்கியமானவர் சமரேந்திரநாத் ராய்.

அன்னார் 1906 டிசம்பர் 11ஆம் நாள் பிறந்தார். தந்தையார் காளிநாத் ராய், லாகூர் 'டிரிப்யூன்' ஏட்டின் ஆசிரியர். 1919இல் எழுத்துக்காகச் சிறை சென்றவர். மகனை ஈர்த்ததோ கணிதம். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பயின்று, பின்னர் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். 1950இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பல்மாறிப் பகுப்பாய்வு குறித்த அவரது நூல் 1957இல் வெளிவந்தது.

நமக்கு இங்கு வேண்டியது, பாட்ஹாஃப் என்பாருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை. அப்பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியில் 27 குழந்தைகளை 8, 10, 12, 14 வயதுகளில் அளந்திருந்தனர். பிட்யூட்டரி சுரப்பியின் நடுவிலிருந்து மேல்தாடையின் பின்னுள்ள ஒரு பிளவு வரையிலான தூரம் அது. மொத்தம் 108 எண்கள். ஆனால் அவை 108 தனித்தனிச் சாட்சிகள் அல்ல! எட்டு வயதில் பெரிய தாடையுள்ளவன் பத்து வயதிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பான். இந்த உறவை மறந்து கணக்கிட்டால், இல்லாத உறுதி முடிவில் வந்துவிடும். எனவே இருவரும் ஒவ்வொரு குழந்தையின் நான்கு அளவுகளையும் முதலில் அதன் வளர்ச்சிக் கோட்டைக் குறிக்கும் சில எண்களாக மாற்றினர். அதன் பின்னரே பல்மாறி முறையால் ஆண், பெண் குழுக்களை ஒப்பிட்டனர். 11 சிறுமியரின் சராசரி ஆறாண்டுகளில் 21.2 மில்லிமீட்டரிலிருந்து 24.1 ஆயிற்று, 16 சிறுவர்களுடையது 22.9இலிருந்து 27.5 ஆயிற்று.

ஒரு சிறுவனின் அளவுகள் மட்டும் வேடிக்கையானவை: 23, 20.5, 31, 26. தாடை எலும்பு இப்படி ஏறி இறங்குமா? அளந்ததிலோ எழுதியதிலோ பிழை நேர்ந்திருக்கலாம். செய்முறைத் தேர்வில் இப்படி எழுதியிருந்தால் நம்மில் பலர் ஓசையின்றித் திருத்தியிருப்போம்!

1964 ஜூலை 23ஆம் நாள் ராய் கனடாவில் காலமானார். கட்டுரை அவ்வாண்டு டிசம்பரில்தான் 'பயோமெட்ரிகா' இதழில் வெளிவந்தது. அச்சில் அதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அந்த 27 குழந்தைகளின் எண்கள் இன்றும் பாடநூல்களிலும் கணினி நிரல்களிலும் பயிற்சிக்கணக்காக இருக்கின்றன. 31 மில்லிமீட்டர் சிறுவனும் அவற்றுள் இருக்கிறான், திருத்தப்படாமலே.