கண்டி வக்கீலும் மிஸ்ரு நண்பரும்: சித்தி லெப்பை ஒரு காதல் கதை எழுதிய வரலாறு

1885ஆம் ஆண்டு இலங்கையில் ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் அச்சாகி வெளிவந்தது. அதை எழுதியவர் கண்டியில் பெயர் பெற்ற வக்கீல். ‘முஸ்லிம் நேசன்’ என்ற வாரப் பத்திரிகையின் ஆசிரியர். கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தவர். அரபி தெரிந்தவர், தஸவ்வுஃபில் ஊறியவர், வயது 47. இப்படிப்பட்ட ஒருவர் தஃப்ஸீருக்கு விளக்கம் எழுதியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவரோ வீட்டைப் பிரிந்த ஒரு வாலிபனின் கதையை எழுதினார். அதில் கடத்தல் உண்டு, கடல் பயணம் உண்டு, ஓர் ஆங்கிலேயப் பெண்ணோடு உண்டாகும் காதலும் உண்டு. அதுதான் ‘அசன்பே சரித்திரம்’. எழுதியவர் முஹம்மது காசிம் சித்தி லெப்பை (ரஹ்) அவர்கள்.

தமிழில் முதல் நாவல் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகளும் பதில் சொல்வார்கள்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879. அடுத்த 6 ஆண்டுகளில் வந்தது அசன்பே. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எல்லாம் அதற்குப் பிந்தியது. நான் பட்டப்படிப்பில் தமிழ் இலக்கிய வரலாறு படித்தபோது, சித்தி லெப்பைக்குக் கிடைத்தது அரை வரி. மதரஸாவில் ஓதிய காலத்தில் அந்த அரை வரியும் இல்லை. இரண்டு பக்கமும் விட்டுவிட்ட ஒரு மனிதர் என்பதாலேயே அவர்மீது எனக்கு ஒரு பிரியம் உண்டு.

1838 ஜூன் 11 அன்று கண்டியில் பிறந்தார். தகப்பனார் இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாக வக்கீலானவர். மகனும் அதே வழியில் 1860களில் வக்கீலானார். தமிழ், அரபி, ஆங்கிலம் மூன்றிலும் தேர்ச்சி பெற்றார். நீதிமன்றம், வழக்கு, வருமானம் என்று நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் நீதிமன்றத்துக்கு வந்து நிற்கிற தன் சமுதாயத்தாருக்குத் தங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத நிலைமை அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் அன்று பாதிரிமார்களின் பள்ளிக்கூடம். பிள்ளையின் ஈமானுக்குப் பயந்து தகப்பன்மார் அங்கே அனுப்பவில்லை. அந்தப் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது. அதன் விளைவாக ஒரு தலைமுறையே எழுத்து வாசனை இல்லாமல் கடையிலும் கப்பலிலும் வாழ்ந்து முடிந்தது.

1882 டிசம்பர் 21 அன்று ‘முஸ்லிம் நேசன்’ முதல் இதழ் வந்தது. அந்தத் தேதிக்கும் அவருடைய கதைக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று எகிப்தில், நம் பாட்டன்மார் மொழியில் சொன்னால் மிஸ்ரில், தெல்லுல் கபீர் என்ற இடத்தில் ஒரு போர் நடந்தது. ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்றவர் அஹ்மத் ஒராபி பாஷா. பாஷா என்றதும் அரண்மனையில் பிறந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். நைல் டெல்டாப் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அல்அஸ்ஹரில் சில ஆண்டுகள் ஓதி, சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்தவர். மிஸ்ருப் படையில் துருக்கியருக்கு ஒரு நீதி, மண்ணின் மைந்தருக்கு ஒரு நீதி என்று இருந்ததை எதிர்த்துக் குரல் கொடுத்தவர். போரில் தோற்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. அவரும் தோழர்கள் 6 பேரும் குடும்பங்களோடு கப்பலேற்றப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பு வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்தில் முஸ்லிம்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டிருந்தார்கள்.

முஸ்லிம் நேசன் பிறந்து அப்போது மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை. உலக முஸ்லிம்களின் செய்திகளைத் தமிழில் கொடுக்க ஒருவர் பத்திரிகை தொடங்குகிறார். தொடங்கிய கையோடு அந்த உலகமே கப்பலில் வந்து அவர் வாசலில் இறங்குகிறது. தற்செயல் என்பார்கள். நான் தக்தீர் என்பேன்.

இருவருக்கும் இடையே நட்பு வளர்ந்தது. ஒருவர் தோற்றுப்போன தளபதி, இன்னொருவர் மலைநாட்டு வக்கீல். ஒராபி பாஷா தாய்நாட்டை இழந்து வந்தவர். அவரைப் பேச வைக்க அரபி தெரிந்த ஒருவர் வேண்டும், பேசுவதைக் கேட்கப் பொறுமையும் வேண்டும். சித்தி லெப்பையிடம் இரண்டும் இருந்தன. அந்த நட்பு முதலில் பள்ளிக்கூடமாக மலர்ந்தது. 1884ல் கொழும்பில் மார்க்கக் கல்வியும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கிற ஒரு மதரஸாவை சித்தி லெப்பை தொடங்கியபோது, அதற்கு ஒராபி பாஷா உறுதுணையாக நின்றார். பாஷாவே இந்த மண்ணில் இருந்தபோது ஆங்கிலம் படித்தார் என்பது இன்னொரு செய்தி. தன்னைத் தோற்கடித்தவர்களின் மொழியை நடுத்தர வயதில் உட்கார்ந்து படித்த தளபதி பக்கத்தில் இருக்கும்போது, ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று வாதாடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது வக்கீலுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டே அசன்பே வருகிறான்.

கதைச் சுருக்கம் இதுதான். மிஸ்ரு நாட்டில் மேலான குடும்பம் ஒன்றில் பிறந்த அசன், குழந்தையாக இருக்கும்போதே திருடப்படுகிறான். பம்பாயில் வளர்கிறான். தன் பிறப்பு என்னவென்று அவனுக்குத் தெரியாது. கல்கத்தா போகிறான், ஆபத்துகளில் சிக்குகிறான், நேர்மையாலும் துணிவாலும் மீள்கிறான், காதல் வருகிறது, கடைசியில் தாய்நாடு சேர்ந்து பட்டமும் பெருமையும் பெறுகிறான். ‘பே’ என்பது துருக்கியர் ஆட்சிப் பகுதிகளில் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். பாஷா ஆவதற்கு முன் ஒராபியும் ‘பே’யாக இருந்தவர்தான். கண்டியில் பிறந்த ஒருவருக்கு மிஸ்ரு வீட்டின் வாசனையும் பட்டங்களின் வரிசையும் வெறும் புத்தகத்திலிருந்து மட்டுமே வந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. நாடு கடந்து வந்து நண்பர் வீட்டில் அமர்ந்து ஊரை நினைத்துப் பேசுகிற ஒருவரின் ஏக்கம், நாடு திரும்பத் துடிக்கும் ஒரு பையனின் கதையாக மாறியிருக்கலாம். நிஜத்தில் பாஷா திரும்ப முடியவில்லை. கதையில் அசன் திரும்பிவிடுகிறான்.

ஓதிய கண்ணுக்கு இன்னொன்றும் தெரியும். தகப்பனிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளை, அந்நிய நாட்டில் வளர்ப்பு, சோதனை, அழகால் வரும் சிக்கல், உயர்வு, கடைசியில் குடும்பத்தோடு சேர்தல். இது எந்தக் கதையின் சாயல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யூசுஃப் (அலை) மிஸ்ருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அசன் மிஸ்ரிலிருந்து கொண்டுபோகப்பட்டான். திசைதான் மாறியிருக்கிறது. வரலாறுகளில் மிக அழகானது என்று அல்லாஹ்வே சிறப்பித்துச் சொன்ன ஒரு சூராவை வாழ்நாளெல்லாம் ஓதிய சமுதாயத்துக்கு, கதை என்றாலே வீண் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிப்பதுண்டு. பாரசீகத்தில் ஜாமி யூசுஃப் சுலைகாவைக் காவியமாகப் பாடினார். அவர் சூஃபி, ஆலிம். நம் தமிழிலும் கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, படைப்போர் என்று எத்தனையோ இருந்தன. மழைக்காலத்தில் இரவு முழுக்க வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து ராகம் போட்டு வாசித்தார்கள். அவையெல்லாம் பெரும்பாலும் பாட்டு. சித்தி லெப்பை செய்தது, அந்த ருசியை உரைநடைக்கு மாற்றியது. பாட்டுக்கு ராகம் தெரிந்த ஒருவர் வேண்டும். உரைநடைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடம் திறந்தவர் கதையும் எழுதியது ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான். எழுத்துப் படித்த பிள்ளைக்கு அடுத்து கையில் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டாமா?

எங்கள் புளியங்குடி போன்ற ஊர்களில் இன்றும் சில தகப்பன்மார் தயங்கித் தயங்கி வந்து கேட்பார்கள்: ஹஜ்ரத், மகள் ராத்திரி ஃபோனில் ஏதோ காதல் கதை எழுதுகிறாள், கூடுமா? எதை எழுதுகிறாள், யாருக்காக எழுதுகிறாள், யாரோடு சேர்ந்து எழுதுகிறாள் என்று நான் திருப்பிக் கேட்பேன். வெட்கத்தை விற்கும் எழுத்துக்கு நான் வழக்காட மாட்டேன். ஆனால் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து இருநூறு பக்கம் யோசித்து எழுதுகிறாள் என்றால், அடுப்பங்கரையில் அவளைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை அதை வாங்கி வாசியுங்கள் என்றும் சொல்வேன். அப்போது கண்டி வக்கீலின் பெயரையும் சொல்வேன். பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அவர் பெண்பிள்ளைகளின் கல்வியைப் பேச்சோடு விட்டவர் அல்லர். கண்டியில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்து, அதை நடத்தும் பொறுப்பைத் தன் சகோதரி முத்து நாச்சியாவிடம் கொடுத்தார். ஊர் பேசும் என்று தெரிந்தும், தன் வீட்டுப் பெண்ணை முன்னால் நிறுத்தினார்.

அவர் காலத்தில் எழுத வந்தவர்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. வேதநாயகம் பிள்ளை முன்சீப்பு, சித்தி லெப்பை வக்கீல். தமிழ் நாவலின் தொடக்கமே நீதிமன்ற வராந்தாவில்தான்! தினமும் மனிதர்களின் பொய்யையும் கண்ணீரையும் கேட்கிறவர்களுக்குக் கதைக்குப் பஞ்சமா என்ன. மிஸ்ரிலேயே, அரபியின் முதல் முழுமையான நாவல் என்று பலர் சொல்லும் ‘ஸைனப்’ 1913ல்தான் வந்தது. அதை எழுதிய முஹம்மத் ஹுசைன் ஹைக்கலும் சட்டம் படித்தவர், அதுவும் காதல் கதை. மிஸ்ரைக் களமாக வைத்த ஒரு தமிழ் நாவல் அதற்கு 28 ஆண்டுகள் முந்தியது.

பாஷாவோடு வந்தவர்களில் மஹ்மூத் சாமி அல்பாரூதியும் ஒருவர். நவீன அரபுக் கவிதைக்கு உயிர் கொடுத்தவர் என்று அரபு நாடெங்கும் இன்றும் பாடமாக வைக்கப்படுகிறவர். ஊரில் மனைவி இறந்த செய்தி இலங்கையில் இருக்கும்போது வந்து, அவர் பாடிய இரங்கல் கவிதை பிரசித்தமானது. கண்பார்வை மங்கித்தான் அவர் நாடு திரும்பினார். ஒரே காலத்தில், ஒரே சிறிய தீவில், ஒருவர் அரபியிலும் இன்னொருவர் தமிழிலும் மிஸ்ரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சித்தி லெப்பையின் பின்னாட்கள் சுகமானவை அல்ல. முஸ்லிம் நேசன் தமிழகத்துக்கும் மலாயாக் கரைக்கும்கூடப் போய் வாசிக்கப்பட்டது. ஆனாலும் சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. 1884ல் தொடங்கிய மதரஸாவும் நிலைக்கவில்லை. வக்கீல் தொழிலில் தேடிய பொருளைப் பத்திரிகைக்கும் பள்ளிக்கும் செலவிட்டார். இன்னொருவராக இருந்தால் அத்தோடு வீட்டில் அமர்ந்திருப்பார். இவர் மறுபடி ஆள் சேர்த்தார். கொழும்பு மருதானையில் 1892 ஆகஸ்ட் 22 அன்று மதரஸத்துஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. அங்கும் ஒராபி பாஷா இருந்தார். கட்டட ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார் தோள் கொடுத்தார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டி முடித்துவிட்டு, அதற்குப் பரிசாக வெள்ளிக்கிழமை அதை மூடி வைக்க வேண்டும் என்று கவர்னரிடம் கேட்டதாகச் சொல்வார்களே, அந்த மரைக்கார்தான். அந்த மதரஸாதான் இன்றைய ஸாஹிரா கல்லூரி.

கடைசிக் காலத்தில் அவர் எழுதியது கதை அல்ல. 1897ல் ‘அஸ்ராருல் ஆலம்’ என்ற ஞான நூல் வந்தது. உலகத்தின் ரகசியங்கள் என்று பொருள். வாலிபனின் காதலை எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது. சிலர் இந்தப் புத்தகத்தை முன்னிறுத்தி அந்தப் புத்தகத்தை மறைக்கப் பார்க்கிறார்கள், வேறு சிலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். இரண்டும் ஒரே மனிதருடையவை. 1898 பிப்ரவரி 5 அன்று அவர் வஃபாத்தானார். 1977ல் இலங்கை அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

நண்பர் போன பிறகும் ஒராபி பாஷா மூன்று ஆண்டுகள் இலங்கையில் இருந்தார். கடைசி ஆண்டுகள் அவர் குடியிருந்தது கண்டியில், சித்தி லெப்பையின் ஊரில். ஹலொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. உடன் வந்த தோழர்களில் சிலர் அந்த மண்ணிலேயே அடங்கிவிட்டார்கள். 1901ல் அவருக்கு ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. அசன்பே மிஸ்ரு போய்ச் சேர்ந்து 16 ஆண்டுகள் கழித்து, பாஷாவும் கப்பலேறினார்.